நல்லா இருக்கு என்று நான் சொன்ன பல்

மகனே முனிரத்தினம்,

பங்காருபேட்டையில் உன்னை ரயிலேற்றிவிட்டு நானும் உன் அம்மாவும் வீடு திரும்பி நாலு நாளாகிறது. வண்டி கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே பத்தடி நடந்தேனே, அப்போது உன்னிடம் ஒன்று சொல்ல வாயெடுத்தேன். வந்ததோ, "குடைய மறந்துடாத, ரங்கூன்ல மழ ஜாஸ்தியாம்" என்பதுதான். நீ சிரித்துக்கொண்டே தலையாட்டினாய். அதற்கு முன் நீ வீட்டில் இருந்த நாலு நாளும் இப்படியேதான் போயிற்று. நீ முறுக்கு தின்றுகொண்டிருக்கும்போது சொல்லலாம் என்று நினைப்பேன், உன் அம்மா வந்து உட்கார்ந்துவிடுவாள். நீ தனியாக இருக்கும்போது எனக்குத் தைரியம் வராது. பூமிக்குள் இருபது வருஷம் இறங்கி ஏறினவன், பெற்ற பிள்ளையிடம் பேசப் பயந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். நீ பெங்களூரை விட்டு மதராஸுக்குக் கப்பல் ஏறப் போவதற்குள் இது பெங்களூர்ப் பட்டாளத் தண்டில் உன் கைக்கு வந்துவிடும். உடனே படிக்க மனசில்லாவிட்டால் பெட்டியில் வைத்துக்கொள். ஆனால் ரங்கூனில் முதல் ஆளைப் பல் கட்ட உன் நாற்காலியில் உட்கார வைப்பதற்கு முன்னால் படித்துவிடு.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்ததிலிருந்து சொல்கிறேன். நீ அப்போது பெங்களூரில் அந்தப் பல் டாக்டர் துரையிடம் சேர்ந்து இரண்டு வருஷம். பாட்டில் கழுவுவது, அச்செடுக்கிற சுண்ணமாவு குழைப்பது எல்லாம் தாண்டி, காலால் மிதித்து ஓட்டுகிற அந்தச் சக்கரத்தில் கை வைக்க அனுமதி கிடைத்திருந்த நேரம். பல்லுக்குத் தங்க மூடி போடுகிற வேலையை முதல் முதலாக உன்னைத் தனியாகச் செய்து பார்க்கச் சொல்லியிருந்தார் துரை. வெளி ஆள் யாரும் உன்னிடம் வாயைத் திறக்க மாட்டார்கள், நான் வந்தேன். என் வலது கீழ்க் கடைவாய்ப் பல் பாதி சொத்தை. துரை முன்னமேயே மருந்து வைத்து நரம்பைச் சாகடித்திருந்தார், வலி இல்லை. உன் அம்மாவின் கம்மலில் ஒன்று தண்ணீர்க் குழாயடியில் தொலைந்துபோய், மற்றது ஒற்றையாக டப்பாவில் கிடந்ததல்லவா, அதைத்தான் உன் கையில் கொடுத்து, "இதை அவரு வாயிலியே போட்டுடு, தொலையாம இருக்கும்" என்று சொல்லி அனுப்பினாள்.

அன்றைக்குச் சக்கரம் சுற்றும்போது கொம்பு தீய்ந்தாற்போல ஒரு வாசனை வந்தது. நீ பல்லையே பார்த்துக்கொண்டிருந்தாய், நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு வயசில் சிலேட்டில் அ எழுதப் பழகும்போது நாக்கைக் கடித்துக்கொள்வாயே, அதே மாதிரி கடித்துக்கொண்டிருந்தாய். பல்லைச் சுற்றிக் குறைத்து, கம்பியால் அளவெடுத்து, அந்த அளவுக்குத் தங்கத்தை வளைத்துப் பற்றவைத்து, மறுநாள் பசை குழைத்து மூடியை வைத்து அழுத்தினாய். கண்ணாடியை என் கையில் கொடுத்து, "எப்படிப்பா கீது?" என்றாய்.

நான் நாக்கால் ஒரு சுற்று தடவினேன். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, கண்ணு. என் தொழில் உனக்குத் தெரியும். தங்கச் சுரங்கத்துக்குள் தலைக்கு மேலே தொங்குகிற பாறைக்கு மரம் முட்டுக் கொடுக்கிற டிம்பர் வேலை. மரம் ஒரு விரற்கடை குறைந்தால் ஆப்பு அடித்து நிரப்பலாம், பார்க்கிறவர் கண்ணுக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் தட்டினால் சத்தம் வேறு. உன் மூடியின் உள்பக்கத்து ஓரம் ஈறோடு ஒட்டாமல் நகக்கண் அளவுக்கு எட்டி நின்றது. நடுவில் இருந்த இடைவெளியைப் பசைதான் பிடித்துக்கொண்டிருந்தது. "கல்லு மாதிரி கீதுடா" என்றேன். உன் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? அந்த முகத்துக்காக இன்னும் பத்துப் பொய் சொல்லியிருப்பேன். சாயங்காலம் துரை வந்து விளக்கைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, வலிக்கிறதா, உறுத்துகிறதா என்று கேட்டார். நான் சொன்ன "ரொம்ப நல்லாகீது"வை நீயே அவருக்கு இங்கிலீஷில் சொன்னாய். அவர் உன் தோளைத் தட்டினார்.

மூன்றாம் மாசம் களி தின்னும்போது மூடி கழன்று உருண்டையோடு வந்துவிட்டது. விழுங்காமல் இருந்தது தெய்வச் செயல். கழுவி, தேன்மெழுகு வைத்துத் திரும்ப ஒட்டிக்கொண்டேன். அது நாலு நாள் நிற்கும், பிறகு கழலும், மறுபடி மெழுகு. உள்ளே சோறு புகுந்து அழுகி நாற ஆரம்பித்தது. "இன்னாயா வாய் இப்படி வீசுது?" என்று உன் அம்மா கேட்டபோது மறைக்க முடியவில்லை. "அவனுக்கு எழுதிப் போடுங்க" என்றாள். எழுதலாம், எழுதலாம் என்று தள்ளிப் போட்டேன். அதோடு நின்றிருந்தால் என் பல்லோடு போயிருக்கும். ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. ஷிப்டுக்குக் கேஜில் இறங்கும்போது, இருட்டில் அந்தப் பெட்டி கீழே விழுவதுபோல இறங்குகிற நேரத்தில், பயம் தெரியாமல் இருக்க எல்லோரும் எதையாவது பேசுவோம். நான் உன்னைப் பற்றிப் பேசினேன். "என் மகன் வெச்ச பல்லு, பாருங்க, மல மேல வுழுந்தாலும் அசையாது" என்று வாயைத் திறந்து காட்டினேன், இருட்டில் யாருக்குத் தெரியப் போகிறது. அந்தக் கேஜில் ஏழுமலையும் இருந்தான்.

ஏழுமலையை உனக்கு நன்றாகத் தெரியும். நம் வரிசையில் கடைசி வீடு, என்னோடு டிம்பர் வேலை, என்னைவிடப் பதினைந்து வயசு சின்னவன். ஒரு முறை பாறைச் சில்லு தெறித்து அவனுடைய மேல் முன்பல் பாதி உடைந்துபோய்க் கறுத்திருந்தது. பங்காருபேட்டையில் பெண் பார்த்து நிச்சயம் பண்ணியிருந்தார்கள். கலியாணத்துக்குள் வாயைச் சரிபண்ண வேண்டும் என்று அவனுக்கு ஆசை. "அண்ணே, தம்பி வந்தா எனக்கும் ஒண்ணு போட்டுடச் சொல்லுங்க" என்றான். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். "அதுக்கின்னா, வரட்டும்" என்றேன். நீ பொங்கலுக்கு வந்தாய், அவன் வீட்டு முற்றத்தில் வெயிலில் உட்காரவைத்து அரத்தால் ராவிக் குறைத்து அளவெடுத்துக்கொண்டு போனாய். அவன் அம்மா தன் காதிலிருந்த தங்கத்தைக் கழற்றிக் கொடுத்தாள். அடுத்த மாசம் மூடியோடு வந்து வைத்துவிட்டுப் போனாய். ஏழுமலை பத்து நாள் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டு திரிந்தான். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அவனுக்குப் பல் வலி வந்து ஆஸ்பத்திரியில் மூடியை எடுத்துவிட்டார்கள் என்று உனக்கு எழுதினேன். அது பொய்.

நடந்தது இதுதான். ஒரு நாள் சுரங்கத்துக்குள் சாப்பாட்டு வேளையில் வறுத்த கடலையைக் கடித்திருக்கிறான், மூடி கழன்று கையில் விழுந்துவிட்டது. தொலைந்துவிடப் போகிறதே என்று இடுப்புத் துணியின் முடிச்சில் முடிந்து வைத்துக்கொண்டான். என்னிடம்கூடச் சொல்லவில்லை, எனக்கு வருத்தமாக இருக்குமாம். ஷிப்டு முடிந்து மேலே வந்தால் எல்லோரையும் துணி அவிழ்த்துச் சோதிப்பார்களே, அங்கே மாட்டினான். சுரங்கத்திலிருந்து வருகிறவன் இடுப்பில் தங்கம். மேற்கொண்டு விளக்கம் யார் கேட்பார்கள்? என் கண் முன்னாலேயே இரண்டு பேர் அவனைப் பிடரியில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் வாயைத் திறந்து பல்லைக் காட்டிக் காட்டி என்னவோ சொன்னான். அதற்கும் ஒரு அடி விழுந்தது.

இரண்டு நாள் அடைத்து வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் நானும் அவன் அம்மாவும் காவல் ஆபீஸுக்குப் போனோம். அங்கே இருந்த காவல் துரை கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தினமும் பொய் கேட்டுக் கேட்டுச் சலித்தவர். கிழவி தன் காதுத் தங்கம் என்று அழுதாள். கிளார்க் அதை இங்கிலீஷில் சொன்னார், துரை சொன்ன பதிலைத் தமிழில் எங்களுக்குச் சொன்னார்: "பிடிபட்ட எல்லாருக்கும் வூட்ல ஒரு அம்மா கம்மல் இருக்குதாம்." பிறகு துரை மூடியை ஏழுமலை கையில் கொடுத்து, உன் பல்லாக இருந்தால் போட்டுக் காட்டு என்றார். போட்டான். அது நேராகவும் நின்றது, திருப்பிப் போட்டாலும் நின்றது. வாயைத் திறந்து பேசியதும் கழன்று மேஜைமேல் விழுந்தது. துரை சிரிக்கவில்லை. "இது யாரு பல்லுக்கும் பொருந்தும். திருடின தங்கத்தப் பல்லு மாதிரி தட்டி வெச்சிகினு கீறான்னு சொல்றாரு" என்றார் கிளார்க். வழக்குக்கு அனுப்பக் காகிதத்தை எடுத்தார்கள்.

மகனே, அந்த நிமிஷம் என் வாயில் மெழுகு வைத்து ஒட்டின மூடி இருந்தது. நான் பேசாமல் வீட்டுக்கு வந்திருந்தால் உன் பெயர் கெட்டிருக்காது. அந்த நினைப்பு எனக்கு வரவில்லை என்று சொன்னால் இதுவும் ஒரு பொய்க் கடிதமாகிவிடும். வந்தது. ஏழுமலை என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். கன்னம் வீங்கியிருந்தது. உன் பெயரைக்கூட அவன் அதுவரைக்கும் சொல்லியிருக்கவில்லை, யார் கட்டியது என்று கேட்டதற்கு, பெங்களூரில் யாரோ என்று சொல்லியிருக்கிறான். உன்னையும் இழுத்துவிடுவார்களோ என்று பயந்திருக்கிறான். நான் இரண்டு விரலை வாயில் விட்டு மூடியைக் கழற்றி, அவனுடைய மூடிக்குப் பக்கத்தில் வைத்தேன். "துரை, இது என் வாயில் மூணு மாசத்துக்கு மேல இப்படித்தான் வுழுந்துகினு கீது. ரெண்டும் ஒரே ஆளு கட்டினது. என் மகன். அவனுக்கு வேல இன்னும் சரியா வரல. டாக்டரக் கூப்ட்டுப் பாருங்க" என்றேன்.

உன் வேலை சரியில்லை என்று நான் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. உன்னிடம் சொல்ல வேண்டியதை ஊரார் முன்னால் சொன்னேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் வந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, முதலில் அவன் வாயைப் பார்த்தார், பிறகு என் வாயை, மறுபடி அவன் வாயை. மூடிகளின் உள்ளே ஒட்டியிருந்த பசையை ஊசியால் சுரண்டிப் பார்த்தார். ஏழுமலையின் பல்லில் பசை பெயர்ந்த இடமும், மூடிக்குள் பசை மிச்சம் இருந்த இடமும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தன. கடைசியில் அவர் துரையிடம் சொன்னதைக் கிளார்க் எங்களுக்காகத் தமிழில் சொன்னார். "ஒரே கை, ஒரே தப்புன்னு சொல்றாரு. பல்லச் சுத்தி நெட்டுக்குத்தா எறக்காம, நுனியச் சீவிக் கூம்பா ஆக்கிட்டானாம். கூம்பு மேல வெச்ச குல்லா எப்படி நிக்கும்னு கேக்கறாரு." அங்கே நின்ற காவல்காரர்களில் ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். உன்னைப் பற்றி ஒருவர் சொன்ன குறையைக் கேட்டு எனக்குக் கண்ணீர் வந்தது. வெட்கத்தால் மட்டும் இல்லை. அந்தத் தப்புதான் ஏழுமலையை வெளியே விட்டது.

ஆனால் நிச்சயம் முறிந்துவிட்டது. தங்கத்தோடு பிடிபட்டவன் என்ற பேச்சு எங்களுக்கு முன்னால் பங்காருபேட்டைக்குப் போய்விட்டது. நான் இரண்டு தடவை நேரில் போய்ப் பெண்ணின் தகப்பனார் காலில் விழாத குறையாகச் சொன்னேன். "நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும், எங்க பொண்ணு வேணாம்ங்குது" என்று கதவைச் சாத்தினார். திரும்பி வரும் வழியில் ஏழுமலை, "வுடுங்கண்ணே" என்றான். கொஞ்ச தூரம் நடந்து, "தம்பிக்கு மட்டும் சொல்லாதீங்க. கைவேலை செய்றது, பயந்துச்சுன்னா கை நின்னுடும்" என்றான். நம் வரிசையில் உள்ளவர்களிடமும் அப்படியே சொல்லிவைத்தான்; அது எனக்கு வசதியாகப் போயிற்று. அவன் பெருந்தன்மைக்குப் பின்னால் என் கோழைத்தனத்தை ஒளித்துக்கொண்டேன்.

இனிதான் நான் சொல்ல வேண்டியதே இருக்கிறது. அந்த மாசமே நான் பெங்களூருக்கு வந்தேன், கம்பளி வாங்க வந்ததாக உன்னிடம் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? உன்னை எனக்காக வெற்றிலை வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டு, உன் துரையைப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழ் போதுமானதாக இருந்தது. மூடியைக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்தேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சிவந்து போயிற்று. முதலில் தன்னையே திட்டிக்கொண்டார், அன்றைக்குச் சரியாகப் பார்க்கவில்லையே என்று. பிறகு, "அவன வேலைய வுட்டு அனுப்பிடட்டுமா?" என்று கேட்டார். "வேணாம் துரை, மொதல்லேர்ந்து மறுபடி கத்துக்குடுங்க. எவ்ளோ நாளானாலும் சரி. நான் கேட்டேன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லாதீங்க" என்றேன். மறுநாள் உன்னைச் சக்கரத்திலிருந்து இறக்கினார்.

அந்த ஒரு வருஷத்தை நீ இன்றுவரை மறக்கவில்லை, எனக்குத் தெரியும். பிடுங்கிப் போட்ட பல்லைச் சுண்ணமாவில் நட்டு நீ நாளெல்லாம் சீவுவாய், அவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கூடையில் போடுவார். மறுபடி ஒரு பல். உனக்குப் பின்னால் வந்தவன் நோயாளியின் வாயில் வேலை செய்ய, நீ மூலையில் உட்கார்ந்து செத்த பல்லைச் செதுக்கினாய். "துரைக்கு என்மேல் என்ன கோபம் என்று தெரியவில்லை, என்னை நாயைப் போல நடத்துகிறார்" என்று எழுதினாய். "பொறுத்துப் போ, பெரியவர்கள் எதையும் காரணத்தோடுதான் செய்வார்கள்" என்று நான் பதில் போட்டேன். அந்தப் பெரியவர் நான்தான். தீபாவளிக்கு வந்தபோது எலும்பாய்ப் போயிருந்தாய். உன் அம்மா அழுது, "நீங்க போய் துரைய ஒரு வார்த்த கேளுங்களேன்" என்றாள். கேட்கிறேன் என்றேன். போன வாரம்கூட நீ சாப்பிட்டுக்கொண்டே, "எல்லாத்தையும் மன்னிச்சுட்டேம்பா, அந்த வருஷத்துக்கு மட்டும் துரைய மன்னிக்க முடியல" என்று சொன்னாயே. அவர் ஐந்து வருஷமாக என் வார்த்தையைக் காப்பாற்றி, உன் கோபத்தைத் தன் தலையில் சுமந்துகொண்டிருக்கிறார். பெங்களூரை விட்டுப் போகுமுன் அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போ.

அந்த வருஷம் முடிந்த பிறகு வந்த பொங்கலுக்கு உன் பெட்டியோடு வந்து, "வாயத் தெறங்கப்பா" என்றாய். நான் மூடியைப் போட்டுக்கொள்வதையே விட்டிருந்தேன். "போன வாரந்தான் வுழுந்துச்சு" என்றேன். அந்தப் பல் கறுத்திருந்த கறுப்பு ஒரு வாரத்துக் கறுப்பா என்று உனக்குத் தெரியாதா? நீ ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாய். மூன்று மத்தியானம் என்னை வாசல் வெயிலில் உட்காரவைத்தாய். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சின்னக் கண்ணாடியில் நாலு பக்கமும் பார்த்து, கொஞ்சம் குறைப்பாய், நிறுத்துவாய், மறுபடி பார்ப்பாய். கம்பியைச் சுற்றி இறுக்கி மெல்ல மேலே தூக்குவாய், அது எங்கேயும் மாட்டாமலும் எங்கேயும் தொளதொளக்காமலும் வர வேண்டும் உனக்கு. இரண்டாம் நாள், செய்த வளையம் உள்பக்கத்தில் முடி அளவு விலகி நிற்கிறது என்று உருக்கப் போட்டாய். "பரவால்ல வுடுடா, அங்க யாரு பாக்கப் போறாங்க" என்றேன். "நாக்குக்குத் தெரியும்பா" என்றாய், என் முகத்தைப் பார்க்காமல். உனக்குத் தெரிந்துபோயிற்று என்று அப்போதே எனக்குத் தெரியும். நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த மூடியில் கரும்பு கடிக்கிறேன். ஏழுமலைக்கு நீ மறுபடி செய்ததும் அப்படியேதான் நிற்கிறது. இரண்டு வருஷம் கழித்து வேறு இடத்தில் அவனுக்குக் கலியாணமாகி, இப்போது அவன் பிள்ளை மடியில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பல்லைப் பிடித்து இழுக்கிறது.

ரங்கூனில் உனக்கு மேலே துரை கிடையாது. அதனால்தான் எனக்குக் கவலை. உன் கை இப்போது நல்ல கை, நான் சொல்வதை நம்பாவிட்டாலும் உன் துரை சொல்வதை நம்பு. ஆனால் வேலை முடிந்ததும் கண்ணாடியைக் கொடுத்து "எப்படி கீது" என்று மட்டும் யாரிடமும் கேட்காதே. உன்மேல் பிரியம் உள்ளவன் நல்லா இருக்கு என்பான். கோட்டு போட்ட உன்னைப் பார்த்துப் பயப்படுகிற கூலிக்காரனும் அதையேதான் சொல்வான். எதையாவது கடித்துத் தின்னச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார். பத்து நாள் கழித்து வரச் சொல். வராவிட்டால் நீ போ. தலைமயிர் வெட்டினால் வளரும், பல்லைச் சீவினால் சீவினதுதான், ஆகையால் சந்தேகம் இருந்தால் குறைவாகச் சீவி மறுபடி பார். பிடுங்க வேண்டிய பல்லைத் தங்கம் கொண்டுவந்தான் என்பதற்காகக் காப்பாற்றப் பார்க்காதே. இவையெல்லாம் உனக்கு என்னைவிடத் தெரியும். நான் சொல்லத் தகுதி உள்ளவன் என்பதால் சொல்லவில்லை. உன் முதல் வேலையை முதலில் சோதித்தவன் நான், அந்தச் சோதனையில் நான் தவறினேன்.

இவ்வளவு நேரமாக என்ன எழுதுகிறீர்கள் என்று உன் அம்மா மூன்று முறை எட்டிப் பார்த்துவிட்டாள். நான் பெங்களூர் வந்து துரையிடம் பேசியது அவளுக்கும் தெரியாது. தபாலில் போடுவதற்கு முன்னால் இதை அவளுக்கு முழுக்கப் படித்துக் காட்டப் போகிறேன். அவள் என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருப்பாளோ, இருக்கட்டும். உனக்கும் கோபம் வரும். வந்தால் அந்தக் கோபத்தை அப்படியே எழுது, எத்தனை பக்கமானாலும் எழுது, நான் உட்கார்ந்து படிப்பேன். கப்பல் இறங்கியதும் "இவ்விடம் யாவும் சுகம்" என்று மட்டும் ஒரு வரி எழுதிப் போட்டுவிடாதே.

உன் அப்பா